ஒரே தலைப்பில் வந்த கடிதங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் வேலூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். பொறுப்பு என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரியிலேயே ஏசி போட்ட அறை அது ஒன்றுதான் என்பதால், மார்ச் பிறந்ததும் எல்லாத் துறைக்காரர்களும் ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு வந்து உட்காருவார்கள். அவர்களை எழுப்பி அனுப்புவது பாதி வேலை. மீதி வேலை, காலையும் மாலையும் சென்னைக்கு போன் போட்டு மெயிலையும் நியூஸ்குரூப்புகளையும் இறக்குவது. மோடம் கத்தும். பாதியில் லைன் அறுந்துபோகும். மறுபடி போட வேண்டும். எனக்குப் பொறுமை கம்மி. மேசையை விரலால் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

நியூஸ்குரூப் என்றால் இன்றைக்குப் பாதிப் பேருக்குத் தெரியாது. அது எழுதிப் பேசுகிற இடம். சமையலுக்கு ஒரு குழு, கிரிக்கெட்டுக்கு ஒரு குழு, ரயில் பொம்மை சேர்ப்பவர்களுக்கு ஒன்று, பாம்பு வளர்ப்பவர்களுக்கு ஒன்று என்று ஆயிரக்கணக்கில் இருந்தன. உலகத்தில் யார் எங்கே எழுதினாலும் அது ஒரு சர்வரிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று கைமாறிப் போய், கடைசியில் எங்கள் அறையிலும் ஒரு பிரதி வந்து விழும். இதற்குத் தலைமை அலுவலகம் கிடையாது, முதலாளி கிடையாது. ஒவ்வொரு சர்வரையும் என்னைப் போல யாரோ ஒரு சம்பளக்காரர் பார்த்துக்கொண்டார். அவரவர் வாசலை அவரவர் பெருக்கிக்கொள்கிற ஏற்பாடு.

அந்த வாசலில்தான் குப்பை வந்து கொட்டியது. வீட்டிலிருந்தபடியே பணக்காரர் ஆகலாம், வழுக்கையில் முடி முளைக்கும், இந்தக் கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும். ஒரே விளம்பரத்தை நூறு குழு, இருநூறு குழு என்று விதைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் சர்வரில் இடம் கொஞ்சம்தான். ராத்திரி இறங்கிய குப்பையால் காலையில் மாணவர்களின் மெயில் திரும்பிப் போகும். எனக்கு எரிச்சல் தலைக்கேறும். கேட்க நாதியில்லாத இடத்தில் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

ஆனால் வழி இருந்தது. உலகத்தில் எங்கெங்கோ இருந்த சிலர், யாரும் கேட்காமலே, ஒரே செய்தி எத்தனை இடங்களில் விழுந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். அளவு மீறினால், ‘இதை அழித்துவிடலாம்’ என்று ஒரு சீட்டு அனுப்புவார்கள். அந்தச் சீட்டும் செய்தி போன வழியிலேயே சர்வர் சர்வராகப் போகும். அதற்குக் கீழ்ப்படிவதும் படியாததும் அந்தந்த சர்வர்க்காரர் இஷ்டம். நான் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிந்தேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், ஒருவர் என்ன எழுதினார் என்று அவர்கள் பார்ப்பதே இல்லை. எத்தனை இடத்தில் போட்டார் என்பது மட்டும்தான் கணக்கு. வேதவசனம் எழுதினாலும் சரி, சோப்பு விற்றாலும் சரி. உள்ளடக்கத்தைப் பார்த்து அழிக்க ஆரம்பித்தால் நாளைக்கு யாரை வேண்டுமானாலும் வாயடைத்துவிடலாம் இல்லையா? அது நல்ல நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதையும் மீறி ஒரு கல்லூரியிலிருந்தோ கம்பெனியிலிருந்தோ குப்பை வந்துகொண்டே இருந்தால், மற்றவர்கள் அந்த இடத்தோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்வார்கள். அங்கிருந்து நல்லது வந்தாலும் வாங்க மாட்டார்கள். எங்கள் தெருவில் சண்டை போட்ட குடும்பங்கள் வருஷக்கணக்கில் அப்படித்தான் இருந்தன, அதனால் எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

ஆம்பூரிலிருந்து அவர் வந்தது மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் ஷிப்பிங் செக்‌ஷனில் வேலை. சனிக்கிழமை அரை நாள். வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை, கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பைல். நான் அவரை பாய் என்றேன், அவர் என்னை மேடம் என்றார், கடைசிவரை அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எங்கள் அறையைச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“பொண்ணுக்கு ஆறு வயசு மேடம். வேர்வையே வராது அவளுக்கு, பொறந்ததுல இருந்தே. பல்லும் நாலுதான். போன வருசம் கத்திரி வெயில்ல ஒடம்பு நெருப்பா கொதிச்சு பிட்ஸ் வந்துடுச்சு. டாக்டர் நோயி பேர எழுதிக் குடுத்துட்டாரு. இந்த மாதிரிப் பசங்க ரொம்பக் கம்மியாம். அப்டிப் பசங்கள வளர்க்கறவங்க எங்கனா இருப்பாங்க, அவங்களக் கேளுங்க, அவங்களுக்குத்தான் தினப்படி சமாளிக்கத் தெரியும்னாரு.”

பைலிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, “கத்திரி வர்றதுக்குள்ள யாராச்சும் ஒருத்தர் பதில் சொன்னா போதும்” என்றார்.

வேலூர் வெயில் தெரிந்தவர்களுக்கு அந்த வாக்கியம் புரியும். வேர்க்கிற எங்களுக்கே மே மாதம் தாங்காது.

அபூர்வ நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் எழுதுகிற குழு ஒன்று இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் என் மெயில் முகவரியைப் போட்டு ஆங்கிலத்தில் கடிதத்தை அடித்தேன். ‘ஆறு வயதுப் பெண், வியர்க்காது, வெயில் காலத்தை எப்படிக் கடத்துவது?’ என்று தலைப்பு வைத்தேன். அனுப்பப் போகும் நேரத்தில் பிரின்சிபால் அறையில் பிரின்டரில் காகிதம் மாட்டிக்கொண்டது என்று ஆள் வந்துவிட்டது. குழுவின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்து, “இந்தக் கட்டத்துல இத அடிச்சு அனுப்பிடுங்க பாய்” என்று சொல்லிவிட்டுப் போனேன். ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிற மனிதர்தானே. திரும்பி வந்தபோது அனுப்பிவிட்டு, வேலையை முடித்த ஆளின் முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீ வரவழைத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலையில் என் மெயில்பெட்டியைத் திறந்தால் திட்டு. ஒன்றல்ல, இரண்டல்ல, திரையைத் தள்ளத் தள்ளத் திட்டு. மனிதர் கடிதத்தை ஒரு குழுவுக்கு அனுப்பவில்லை. எங்கள் சர்வரில் இருந்த பட்டியலை எடுத்து, இருநூறுக்கு மேற்பட்ட குழுக்களுக்கு அனுப்பியிருந்தார். எண்ணுகிறவர்கள் எண்ணிவிட்டார்கள். சனி, ஞாயிறு இரண்டே நாளில் அழிப்புச் சீட்டு உலகம் சுற்றி வந்துவிட்டது. எல்லா இடத்திலிருந்தும் போனதோடு, சரியான குழுவில் இருந்ததும் சேர்ந்து போயிற்று. என் சர்வரிலிருந்தே அதை அழித்திருந்தது நான் வைத்திருந்த ஏற்பாடுதான்.

திட்டு எல்லாம் அவர் கடிதத்துக்குப் பதிலாக வந்தவை என்பதால் எல்லாவற்றுக்கும் அதே தலைப்பு. முதல் நாற்பதைப் படித்தேன். ஒருவர் கல்லூரியை மூடச் சொன்னார். ஒருவர், நோயைச் சொல்லிப் பிச்சை எடுக்கும் புது வியாபாரமா என்றார். இன்னொருவர், இந்த ஊர்க்காரர்களுக்கெல்லாம் யார் கம்ப்யூட்டர் கொடுத்தது என்று கேட்டிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஒரு கட்டளை எழுதினேன்: இந்தத் தலைப்பில் எந்த மெயில் வந்தாலும் எனக்குக் காட்டாதே, நேராகக் குப்பைப் பெட்டியில் போடு. மறுநாள் காலை மெயில்பெட்டி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அப்பாடா என்றிருந்தது, பொய் சொல்லவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“ஒரு எடத்துக்குத்தான அனுப்பச் சொன்னேன் பாய்? பேர எழுதிக்கூட குடுத்தேனே.”

“லிஸ்ட் இருந்துச்சு மேடம்” என்றார். அவருக்கு என் கோபமே விளங்கவில்லை. “ஆபீஸ்ல சர்குலர்னா சரக்கு வாங்கற எல்லா பையருக்கும்தான் பேக்ஸ் போடுவோம். எங்க ஊர்ல கல்யாணப் பத்திரிகை வைக்கிறப்ப தெருவுல ஒரு வீட்ட உட்டுட்டா அவங்க அப்பறம் நம்ம வீட்ல சாவு விழுந்தா மையத்துக்குக்கூட வர மாட்டாங்க. ஒருத்தர்கிட்ட மட்டும் ஒதவி கேட்டுட்டு மத்தவங்கள உட்டா மரியாதையா இருக்குமா?”

“அதுக்காகப் பாம்பு வளர்க்கறவங்கள போய் எதுக்கு கேட்டீங்க?”

“அவங்க வீட்லயும் கொழந்த இருக்கும் இல்ல மேடம்.”

எங்கள் பக்கம் மட்டும் என்ன, கிறிஸ்துமஸ் பலகாரம் ஒரு வீட்டுக்கு விட்டுப்போனால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை முகம் தூக்கி வைத்திருப்பார்கள். அவருக்குத் தெரிந்த உலகத்தில் நிறைய பேருக்குச் சொல்வது மரியாதை. நான் காவல் காத்த உலகத்தில் அதுவே குற்றம். அதை அவருக்கு விளக்கிச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டார். “தப்பு என்னுதுதான். உங்களுக்கு பேஜாரு குடுத்துட்டேன்” என்றார்.

மறுபடியும் ஒரே ஒரு குழுவுக்கு அனுப்பிவிடலாம் என்று அன்றே உட்கார்ந்தேன். போகவில்லை. எங்கள் கல்லூரியிலிருந்து எது வந்தாலும் வாங்குவதில்லை என்று ஏகப்பட்ட சர்வர்க்காரர்கள் அதற்குள் முடிவெடுத்திருந்தார்கள். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் போடவில்லை. ஒருவர் சொன்னார், மற்றவர்கள் அவரவராகச் செய்தார்கள். சர்வர்க்காரர்களுக்கென்றே இருந்த குழுவில் மன்னிப்பு எழுதிப் போட்டேன். அதையும் அவர்கள் வாங்கவில்லை. யார் காலில் விழுவது? விழுவதற்கு ஒரு கால் இருந்தால்தானே. ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துத் தனித்தனியாக மெயில் எழுத ஆரம்பித்தேன். சிலர் உடனே சரி என்றார்கள். சிலர் ஒரு மாதம் சுத்தமாக இருந்து காட்டுங்கள் என்றார்கள். சிலர் பதிலே போடவில்லை.

ஏப்ரல் முழுக்க அவர் சனிக்கிழமை தவறாமல் வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வருவார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “எதுனா வந்துச்சா மேடம்?” என்பார். இல்லை பாய் என்பேன். ஒரு தடவை பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். மெல்லிய, செம்பட்டையான முடி. சிரித்தால் மேலே இரண்டு, கீழே இரண்டு, கூராக நாலு பல். ஏசி அறைக்குள் வந்ததும் அது ஆடிய ஆட்டம் இருக்கிறதே, மேசைக்கு மேசை ஓடி, சுழல் நாற்காலியில் ஏறிச் சுற்றி, பிரின்டரில் காகிதம் வரும் இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றது. கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் உருதுவில் ஏதோ கெஞ்சியது. இங்கேயே இருந்துவிடட்டுமா என்று கேட்கிறாள் என்றார். நானும் சிரித்தேன். அன்று மாலை சர்வர்க்காரர்களுக்கு இன்னும் ஏழெட்டு மெயில் எழுதினேன்.

மே வந்தது. இரண்டு சனிக்கிழமை அவர் வரவில்லை. எனக்கு அப்போதே மனது சரியில்லை. மூன்றாவது வாரம் வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

“வெயில் படாம பாத்துக்கங்கன்னு டாக்டர் சொன்னாரில்ல மேடம். படவே உடல. ஜன்னல்லாம் சாத்தி, துணி கட்டி, உள்ரூம்லயே வெச்சிருந்தோம். கரன்ட் போச்சு. பேன் நின்னுடுச்சு. தூங்கறான்னு நெனச்சோம். தொட்டுப் பாத்தா கொதிக்குது. அப்பறம் பிட்ஸ், ஒண்ணு மாத்தி ஒண்ணு. நாலு நாள் ஆஸ்பத்திரில வெச்சிருந்தோம்.”

“இப்ப எப்டி பாய் இருக்கா?”

“வீட்டுக்கு கூட்டினு வந்துட்டோம். எடது கைல டம்ளர் புடிச்சா நடுங்குது. போகப் போக சரியாவலாம்னு சொல்லியிருக்காங்க.”

டீ வந்தது. அவர் குடிக்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்தபோது ஒருவழியாக மற்ற சர்வர்கள் எங்களைச் சேர்த்துக்கொண்டன. பழைய தலைப்புக்குத் தீட்டுப் பட்டுவிட்டதால் வேறு தலைப்பு வைத்து, ஒரே ஒரு குழுவுக்கு, நானே என் கையால் கடிதத்தை அனுப்பினேன். இரண்டாம் நாளே அந்தக் குழுவில் ஒரு பதில் வந்தது. வேறொரு கண்டத்தில், வேலூரைப் போலவே காய்கிற ஊர் ஒன்றில் இருக்கும் ஒரு தாய். அவர் மகனுக்கும் வியர்க்காதாம்.

‘ஏப்ரலிலேயே உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். எங்கள் சர்வரைக் கவனிப்பவர் அழிப்புச் சீட்டுகளுக்குக் கீழ்ப்படியாத மனிதர் என்பதால் அது இங்கே தங்கியிருந்தது. பார்த்த அன்றே உங்கள் மெயிலுக்கு எழுதினேன். கிடைக்கவில்லையா? தினமும் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊரில் வெயில் முடிந்ததா? குழந்தை எப்படி இருக்கிறாள்?’

படித்து முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. குப்பைப் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் ஒரே தலைப்பு. ஒவ்வொன்றாகத் திறந்தேன். திட்டு, திட்டு, திட்டு. நடுவில் ஐந்தாறு கடிதங்கள் திட்டே இல்லை. பாம்பு வளர்க்கிற ஒருவர் எழுதியிருந்தார்: ‘எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் என் பாம்புகளுக்கும் வியர்க்காது. மூடின பெட்டியில் வைத்தால் செத்துப்போகும். காற்றும் ஈரத் துணியும் கொடுப்பேன். குழந்தைக்கும் அது உதவுமா என்று கேட்டுப் பாருங்கள்.’ அவரைத்தான் நான் கேலி செய்திருந்தேன்.

அதற்குக் கீழே அந்தத் தாயின் கடிதம். ஏப்ரல் முதல் வாரம் வந்திருந்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்திருந்தார். காலையில் பருத்திச் சட்டையை நனைத்துப் பிழிந்து போட்டுவிடுவோம், காய்ந்ததும் மறுபடி நனைப்போம். பள்ளிக்கூடப் பையில் தண்ணீர் தெளிக்கிற பாட்டில் ஒன்று இருக்கும். வெயிலுக்குப் பயந்து அறையை மூடிவிடாதீர்கள், மூடின அறைதான் வெயிலைவிட மோசம். என் மகனுக்குப் பதினோரு வயது, பந்து விளையாடுகிறான். பயப்படாதீர்கள். இவ்வளவுதான் கடிதம்.

அன்று நான் வேறு வேலை எதுவும் செய்யவில்லை. அறையில் வந்து உட்கார்ந்தவர்களை எழுப்பி அனுப்பவும் இல்லை. சனிக்கிழமை வரைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தேதி இருக்கும் வரியை வெட்டிவிட்டு பிரின்ட் எடுத்தால் அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. கடைசியில் வெட்டாமலே எடுத்தேன், அந்தத் தாயின் இரண்டு கடிதங்களையும்.

அவர் வந்தார். தாள்களைக் கையில் கொடுத்தேன். ஷிப்பிங் வேலை பார்க்கிறவரின் கண் எந்தத் தாளிலும் முதலில் தேதிக்குத்தான் போகும்.

“ஏப்ரல்ல வந்துருக்கே மேடம்.”

“ஆமா பாய். நான்தான் பாக்கல. திட்டுற மெயிலோட சேத்து குப்பைல போட்டுட்டேன். என்ன மன்னிச்சிடுங்க.”

அவர் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். சட்டையை நனைக்கிற இடத்தில் விரல் நின்றது. அந்த வரியை மறுபடி படித்தார்.

“இவ்ளோதானா?” என்றார். என்னிடம் கேட்டது போல இல்லை.

“இவ்ளோதான் பாய்” என்றேன்.

அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தாளை மடிக்காமல் அப்படியே பைலுக்குள் வைத்தார். பிறகு இரண்டாவது தாளை எடுத்துப் படித்தார்.

“கொழந்த எப்டி இருக்கான்னு கேட்டுருக்காங்க. பதில் போட்டீங்களா?”

“இன்னும் இல்ல. நீங்க வரட்டும்னு இருந்தேன்.”

“போடுங்க மேடம். பாவம், ரெண்டு மாசமா யோசிச்சுனு இருந்துருக்காங்க. கொழந்த நல்லா இருக்கா, இப்ப சட்டைய நனைச்சுப் போடறோம்னு எழுதுங்க.”

நான் அடித்தேன். அடித்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே, “கையப் பத்தி எழுதட்டுமா பாய்?” என்று கேட்டேன்.

அவர் பைலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“வேணாம் மேடம். அவங்க மனசு கஷ்டப்படும். அவங்கதான் அப்பவே எழுதிட்டாங்களே.”

கையைப் பற்றி எழுதாமல் கடிதத்தை அனுப்பினேன்.